இடது கையை ஏன் மறைத்தேன் என்றால்

ஐயா,

பசியாறினாயா? இந்த வாரம் பகல் ஷிஃப்டா ராத்திரி ஷிஃப்டா என்று தெரியாததால் எந்த நேரத்தில் கேட்பது என்றும் தெரியவில்லை. பொங்கல் படங்களைச் சின்னவள் அனுப்பியிருப்பாள். பால் நன்றாகப் பொங்கியது. ரம்புத்தான் மரம் கம்பியில் படுகிறது என்று பாதியை வெட்டியாயிற்று, வாசல் இப்போது மொட்டையாகக் கிடக்கிறது. கோடி வீட்டு அக்காவுக்கு மூன்றாவது பேரன். தோட்டத்துப் பக்கம் மிச்சமிருந்த பால்மரத்தையும் சாய்த்துவிட்டார்கள், இனி எங்கு பார்த்தாலும் செம்பனைதான். வேறு விசேஷம் இல்லை.

மாசம் 5ஆம் தேதி நீ அனுப்பும் 200 வெள்ளி தவறாமல் வந்துவிடுகிறது. பேச்சு மட்டும்தான் வருவதில்லை. தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி. பொங்கலுக்கும் கிடைக்கவில்லை என்றாய், அதுவும் சரி. கிள்ளானிலிருந்து சுங்கை சிப்புட் ஒன்றும் மெட்ராஸ் இல்லை.

அத்தை கேட்கிறாள், பையன் சரியாகச் சாப்பிடுகிறானா, படத்தில் கன்னம் ஒட்டிப் போயிருக்கிறதே என்று. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 1,700 என்றால் ஈபிஎஃப் சேமநிதிக்கு 187 போக 1,513. அதில் ரூம், மோட்டார் தவணை, அதற்கு எண்ணெய், எனக்கு 200. மீதியில் நீ என்ன சாப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? முட்டையாவது தினமும் ஒன்று அவித்துச் சாப்பிடு.

அப்புறம், எந்தக் காரணத்துக்காகவும் லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் போகாதே. லைட்டுக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் நம்பருக்கெல்லாம் போன் போடாதே. ஏன் இதைச் சொல்கிறேன் என்று கேட்காதே. பெரியப்பா கதை உனக்குத் தெரியும், அவரைத் திவாலாக்கியபோது வெறும் 30,000 வெள்ளிக் கடன் இருந்தாலே போதும், மனுஷனை முடக்கிவிடலாம். இப்போது 100,000க்குக் கீழே இருந்தால் அப்படிச் செய்ய முடியாதாம். இதை நான் எங்கே கேட்டேன் என்றால்,

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் பேங்க் கடன் கடிதங்கள் இங்கேதான் வருகின்றன. உன் அடையாள அட்டையில், அந்த ஐசியில், நம் வீட்டு விலாசம்தானே இருக்கிறது. ஒரு வருஷமாக வருகின்றன, அரிசி வாளிக்கு அடியில் வைத்திருக்கிறேன். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நீ தெரியாத மாதிரி இருக்கிறாய், நானும் தெரியாத மாதிரி முறுக்கு செய்து அனுப்புகிறேன். 2016இல் எடுத்த 35,000 இப்போது 58,400 என்று போட்டிருக்கிறது. கடையை மூடிய அன்றே பேங்கில் போய்ப் பேசு என்று அப்போதே சொன்னேன். பேசியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்குமா? யார் சொல்லி நீ கேட்டாய்!

அதே சமயம், உன்னோடு கடை வைத்த அந்தப் பையன் எல்லாவற்றையும் உன் தலையில் கட்டிவிட்டுப் போன பிறகும் நீ ஊரைவிட்டு ஓடவில்லை, குடிக்கவில்லை, ஒரு நாள் வேலைக்கு மட்டம் போடவில்லை. அதை நான் பார்க்காமல் இல்லை. தாத்தா மாதிரி நீ. அவர் தோட்டச் சம்பளத்தில் மாசம் பத்து வெள்ளியாகப் போட்டு மந்திரி சம்பந்தன் ஆரம்பித்த கூட்டுறவு சங்கத்தில் 100 வெள்ளிப் பங்கு வாங்கினவர். அந்தப் பத்து வெள்ளிக்காகப் பாட்டி மூன்று வருஷம் புதுச் சேலை கட்டவில்லை என்பது வேறு விஷயம்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போன் வந்தது. வசூல் ஆள். மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். பிறகு போலீஸ் வரும், கோயில் கமிட்டிக்குக் கடிதம் போகும், உங்கள் மகனை ஈபிஎஃப்பை எடுத்துக் கட்டச் சொல்லுங்கள் என்றெல்லாம். மூன்று நாள் விடாமல் கூப்பிட்டான். கடைசியில், 300 வெள்ளி கட்டினால் பண்டிகை முடியும்வரை தொந்தரவு இல்லை என்றான். நான் கட்டிவிட்டேன் ஐயா. வளையலை அடகுக் கடையில் வைத்து, உன் பெயரையும் ஐசி நம்பரையும் எழுதிக் கட்டிவிட்டேன். பொங்கல் படத்தில் இடது கையை முந்தானைக்குள் வைத்திருப்பது அதனால்தான். மாசம் நூற்றுக்கு இரண்டு வெள்ளி வட்டி, ஆறு மாசத் தவணை, சித்திரை பிறப்பதற்குள் மீட்க வேண்டும். அது போனால் போகட்டும், விஷயம் அதுவல்ல.

போன வாரம் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனேன், கோயில் செயலாளர் மகள் வேலை செய்யும் வக்கீல் ஆபீசுக்கு. உன் பெயரைச் சொல்லவில்லை, தெரிந்த பையன் ஒருவன் என்றேன். அந்த வக்கீல் பெண் முதலில் கேட்டது, கடைசியாக எப்போது கட்டினார் என்று. 2019 டிசம்பர் என்றேன், நீ கட்டிய அந்த 450. கோர்ட்டிலிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டாள், வரவில்லை என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். நல்ல பெயர் வரட்டும் என்று, தீபாவளிக்கு முன்கூட 300 கட்டியாயிற்று என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

1953ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறதாம். இந்த மாதிரிக் கடனுக்குக் கேஸ் போட ஆறு வருஷம்தான். அதற்குப் பிறகு போட்டால், காலம் கடந்துவிட்டது என்று நாம் கோர்ட்டில் சொல்லலாம். நாமே சொல்ல வேண்டும், தானாக நடக்காது. ஆனால் இடையில் கொஞ்சம் காசு கட்டினாலோ, கடன் என்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ ஆறு வருஷமும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். 2019 டிசம்பரும் ஆறும் எவ்வளவு என்று நீயே கூட்டிப் பார். நான் கட்டியது அக்டோபர். இரண்டு மாசம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை எனக்கு.

உனக்குத் தெரியாமல் வேறு ஒருவர் கட்டியது உன் கணக்கில் சேராது என்று வாதாடலாமாம். ஆறு வருஷம் எந்தத் தேதியிலிருந்து என்பதையே அக்ரிமெண்ட்டைப் பார்த்தால்தான் சொல்ல முடியுமாம். அதனால் எதுவும் முடிவாகவில்லை. ஆனால் வாங்கின கடனைக் கட்டாமல் விடுவது பற்றி என் மனசு இரண்டு பக்கமும் பேசுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தாத்தா இருந்தால் கட்டு என்பார். தாத்தா 1,513இல் கிள்ளானில் குடியிருந்து பார்த்ததில்லை.

போலீஸ் வராதாம், பேங்க் கடனுக்கு ஜெயில் கிடையாதாம். ஈபிஎஃப்பில் இருக்கும் காசைக் கடன்காரன் தொட முடியாதாம், நீயே எடுத்துக் கொடுத்தால்தான் போகும். எடுக்காதே. மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஆரம்பித்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிலையம் இருக்கிறது, காசு வாங்காமல் பேங்கோடு பேசி, சம்பளத்துக்குத் தகுந்த மாதிரித் தவணை போட்டுத் தருவார்கள். போகலாம், ஆனால் அங்கேயோ எங்கேயோ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தப் பெண்ணைப் பார்த்துவிடு. கையெழுத்துக்கு முன்னால். ஆலோங்கிடம் போகாதே.

இன்னொன்று. அந்த 35,000இல் 9,000 எங்கே போனது என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சின்னவள் கல்யாண மண்டபத்தில் அத்தை எல்லார் முன்னாலும், கடை கடை என்று அத்தனையையும் அழித்துவிட்டான் என்று சொன்னபோது, அதே கல்யாணத்துக்கு நீ கொடுத்த அந்தக் காசில் வாங்கிய சேலையைக் கட்டிக்கொண்டு நான் சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயும் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாய். அன்றிலிருந்துதான் நீ பேச்சைக் குறைத்தாய், வேலை அதிகம் என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று அத்தையிடம் அந்த 9,000 பற்றிச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, பிறகு உனக்கு ஊறுகாய் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள்.

இந்த மாசம் 200 அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், அது எப்படி என்று சின்னவளிடம் கற்றுக்கொண்டுவிட்டேன்.

வக்கீல் பெண் வியாழக்கிழமைகளில் மதியம்வரை இருப்பாள். லீவு கிடைக்காவிட்டால் போனிலேயே பேசுகிறேன் என்றாள், தெரிந்த பையன் யார் என்று அவளுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. 300 கட்டிய ரசீது மைலோ டின்னில் பத்திரமாக இருக்கிறது. உன்னிடம் அந்த அக்ரிமெண்ட் இருக்கும், நீலப் பையில், சர்டிபிகேட்டுகளோடு. எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. விரல் மறைக்காமல் எடு, போன தடவை அனுப்பிய மோட்டார் கார்டில் பாதி உன் கட்டை விரல்தான் இருந்தது.

அம்மா