ஜூஸ் டயட்டும் சர்க்கரை மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் கரோல்பாக் அஜ்மல்கான் சாலையில், புடவைக் கடை ஒன்றில், என் அக்கா கையில் இருந்த பட்டுப்புடவையை நழுவ விட்டுவிட்டு அப்படியே நின்றாள். தில்லி டிசம்பர் குளிருக்கு நாங்கள் எல்லோரும் ஸ்வெட்டரும் சால்வையுமாக இருந்தோம், அவளுக்கு மட்டும் நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வேர்வை. "என்னக்கா?" என்று கேட்டால் சம்பந்தமே இல்லாத பதில், விரல்கள் நடுங்குகின்றன. சுகர் இறங்குகிறது என்று அத்தானுக்குத்தான் சட்டென்று புரிந்தது. கடைக்காரர் டீக்கு வைத்திருந்த சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார், இரண்டு டம்ளர் குடிக்க வைத்தோம். கால் மணி நேரம் கழித்துப் பக்கத்து கிளினிக்கில் பார்த்தபோதும் 58தான் காட்டியது. 70க்குக் கீழே போனாலே ஆபத்து என்று அந்த டாக்டர் சொன்னார்.

காரணம் இதுதான். அக்காவுக்கு 54 வயது, ஒன்பது வருடமாகச் சர்க்கரை, தினமும் கிளிமிபிரைடு மாத்திரை. தை மாதம் மகனுக்குக் கல்யாணம், அதற்குள் இளைக்க வேண்டும் என்று பார்க்கில் நடக்க வருகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த "பத்து நாள் லிக்விட் டயட்"டில் சேர்ந்தாள். காலையில் சுரைக்காய் ஜூஸ், பதினொரு மணிக்கு வெள்ளரி புதினா, மதியம் தெளிவான சூப், சாயங்காலம் ஏதோ ஒரு பவுடரைத் தண்ணீரில் கலக்கி ஒரு டம்ளர், ராத்திரி எலுமிச்சைத் தண்ணீர், அவ்வளவுதான். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாளுக்கு 500 கலோரி கூடத் தேறவில்லை. ஆனால் மாத்திரை மட்டும் வழக்கம்போல உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சோறு இல்லாதபோது அது சுகரை எங்கே கொண்டுபோய் விடும்? பணம் வாங்கிக்கொண்டு டயட் சொன்னவர்கள் ஒருவர் கூட, நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவளிடம் கேட்கவில்லை. அவளும் திட்டுவார் என்று டாக்டரிடம் சொல்லவில்லை.

ஆறே நாளில் நாலு கிலோ குறைந்தது என்று எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டாள், அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு கிலோ கொழுப்பு என்றால் கிட்டத்தட்ட 7,700 கலோரி. நாலு கிலோவும் கொழுப்பு என்றால் நாளுக்கு 5,000 கலோரிக்கு மேல் எரித்திருக்க வேண்டும், வீட்டு வேலையும் காலை நடையுமாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு அது எப்படி நடக்கும்? உடம்பு அவசரத்துக்குச் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் கூடவே மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது, சாப்பாட்டை நிறுத்தினால் முதலில் வடிவது அதுதான். சாதம் சாப்பிட ஆரம்பித்த இரண்டே வாரத்தில் மூன்று கிலோ திரும்பி வந்துவிட்டது. அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரே 1988இல் திரவ உணவிலேயே இருந்து 30 கிலோ இளைத்தார், அதே அளவு கொழுப்பை வண்டியில் வைத்துத் தன் டிவி நிகழ்ச்சியில் இழுத்து வந்து காட்டினார், அப்புறம் எடை திரும்ப ஏறியதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

"கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமுமாக இருக்கவில்லையா?" என்று அக்கா கேட்டாள். இருக்கிறார்கள், ஆர்.கே.புரம் முருகன் கோவிலான மலை மந்திரில் அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள், மருந்து சாப்பிடுகிறவள் விரதம் இருக்காதே, ஒரு வேளையாவது பலகாரம் சாப்பிடு என்றுதானே சொல்வார்கள்.

திரவ உணவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளை மூன்று முதல் ஐந்து மாதம் சூப், ஷேக்கிலேயே, நாளுக்கு 825 முதல் 853 கலோரிக்குள் வைத்துப் பார்த்த ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் சுகர் கட்டுக்குள் வந்தது. ஆனால் அங்கே முதல் நாளே சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள், இன்சுலின் போடுகிறவர்களைச் சேர்க்கவே இல்லை, கூடவே நர்சோ டயட்டீஷியனோ இருந்து கவனித்தார்கள். 1977 வாக்கில் அமெரிக்காவில் கடையில் வாங்கிய புரோட்டீன் திரவத்தை மட்டும் குடித்து இளைக்கப் பார்த்தவர்களில் பல பேர் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அந்த மாதிரிப் புரோட்டீன் டப்பாக்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அங்கே விதியே வந்தது.

சுரைக்காய் ஜூஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தில்லியில் பார்க் வாசலுக்கு வாசல் லௌக்கி (சுரைக்காய்), கரேலா (பாகற்காய்), ஆம்லா (நெல்லிக்காய்) என்று ஜூஸ் விற்கிறார்கள். சுரைக்காய் கசந்தால் அதில் குகர்பிட்டசின் என்ற நஞ்சு இருக்கிறது என்று அர்த்தம், அதற்கு மாற்று மருந்து கிடையாது. 2010இல் இதே ஊரில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தார், பாகற்காய்ச் சாறும் அதில் கலந்திருந்தது. பாகற்காய் சேர்ந்தால் எது எந்தக் கசப்பு என்று நாக்குக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள், கசந்தால் எறிந்துவிடுங்கள், வேறு எந்தச் சாறோடும் கலக்காதீர்கள் என்று சொன்னது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியிலும், வாரம் அரை கிலோ குறைந்தால் பாதுகாப்பு, நாளுக்கு 1,000 கலோரிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்று இருக்கிறது.

உங்கள் பத்திரிகையிடம் கேட்பது ஒன்றுதான். எடை குறைப்பு பற்றி எந்தக் குறிப்பு போட்டாலும், எவ்வளவு சின்னக் குறிப்பாக இருந்தாலும், அதன் மேலேயே, கடைசியில் பொடி எழுத்தில் இல்லாமல், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி போடுங்கள். என் அக்கா காலையில் முதலில் பிரிப்பது உங்கள் பேப்பரைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விஹார், புதுதில்லி