வாடகையும் மீதிச் சில்லறையும்: வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர்களின் கதைகளில் வர்க்கம் என்பதே இவ்வாண்டுக்கு நாம் எடுத்த பொருள். படிக்க எடுத்தவை மூன்று நாவல்கள், ஒரு சிறுகதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்குத் தாள் போட்டோம்: எவ்வளவு பணம், யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த அத்தியாயத்தில். பக்க எண் குறித்தால் பதிப்புக்குப் பதிப்பு மாறிவிடுகிறது.

தொடக்கத்தில் டாலரை இன்றைய ரூபாயாக்கிப் பார்த்தது வீண்வேலை. கதைக்குள் இருக்கும் வாடகையே சரியான அளவுகோல். ஆன் பெட்ரியின் 'த ஸ்ட்ரீட்' (1946) நாவலில் லூட்டி ஜான்சன் நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெமில் 116ஆம் தெருவில் மூன்று அறைகளுக்குத் தரும் மாத வாடகை 29.50 டாலர். மகன் பிடிபட்டதும் வக்கீல் கேட்பது 200. கிட்டத்தட்ட ஏழு மாத வாடகை. அந்த வழக்குக்கு வக்கீலே வேண்டாம் என்பது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்த 200ஐத் தேடிப்போன இடத்தில்தான் லூட்டி கொலை செய்கிறாள். லூட்டி அவசரக்காரி என்று நம்மிடையே எழுந்த வாதம் தாளைப் பார்த்ததும் அடங்கியது.

டோனி கேட் பம்பாராவின் 'த லெஸன்' (1972) சிறுகதைக்குத்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். நியூயார்க்கின் பணக்காரத் தெருவான ஐந்தாம் அவென்யூவின் பொம்மைக் கடையில் பாய்மரப் படகு 1,195 டாலர், கோமாளி பொம்மை 35. அந்த 35இல் பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் வாங்கலாம், வீடே கிளம்பித் தாத்தா ஊருக்குப் போய்வரலாம், வாடகையும் பியானோ பாக்கியும் தீரும் என்று கதை சொல்லும் சிறுமி சில்வியா எண்ணுகிறாள். டாக்ஸிக்கு என்று அவளிடம் ஐந்து டாலர் தரப்படுகிறது. மீட்டர் 85 சென்ட். டிரைவருக்கு டிப்ஸ் இல்லை, மீதி அவள் கையில். இதைப் பிள்ளைக் குறும்பு என்று தள்ளினால் கதை கை நழுவிவிடும்.

டோனி மாரிசனின் 'சாங் ஆஃப் சாலமன்' (1977) நம் தாளையே திருத்த வைத்தது. வாடகை வாங்கும் கை வெள்ளைக் கை என்று எழுதாமலே வைத்துக்கொண்டிருந்தோம். இதில் வீடுகளை வாடகைக்கு விடும் மேக்கன் டெட் கறுப்பர். சட்டைப் பையில் இரண்டு வீட்டுச் சாவிகள் இருந்த தைரியத்தில்தான் டாக்டரிடம் பெண் கேட்கப் போனவர். வாடகை தர முடியாத கிழவியிடம் இரக்கம் காட்டாதவரும் அவரே. வாங்குபவரின் நிறத்துக்கென்று ஒரு கட்டம் சேர்த்தோம்.

பால் மார்ஷலின் 'பிரவுன் கேர்ள், பிரவுன்ஸ்டோன்ஸ்' (1959) பாதியில் நிற்கிறது. கணவனுக்குக் கரீபியன் தீவான பார்படாஸில் உள்ள நிலத்தை அவனறியாமல் மனைவி விற்கும் பகுதியிலிருந்து தொடர வேண்டும்.

அறிக்கையை ஏற்று இசைவளிக்குமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்