பேத்தியின் சொற்பட்டியல்

அன்புள்ள மீனா,

நீ அனுப்பிய, பேத்தி எழுதிய எஸ்.எஸ்.ஏ.டி. (தனியார் பள்ளியில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு) பயிற்சித் தாள்களை அச்செடுத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து பார்த்தாயிற்று. போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் உன் அம்மா வாங்கிக்கொள்வாள், பேச்சு எங்கேயோ போய்விடும். அதனால்தான் கடிதம். மாப்பிள்ளையும் படிக்கட்டும். அந்த ஆயிரம் சொல் பட்டியல் அவர் ஏற்பாடுதானே.

மதிப்பெண்ணை விடு. எந்தெந்தக் கேள்வியில் தவறியிருக்கிறாள் என்று பார்த்தாயா? சுத்தமாகத் தெரியாத சொற்களைக் குட்டி சமர்த்தாக விட்டுவிட்டாள். தெரியும் என்று நினைத்த சொற்களில்தான் வசமாக மாட்டியிருக்கிறாள். ‘எனர்வேட்’ என்பதற்கு ஒத்த சொல் கேட்டிருக்கிறார்கள். எனர்ஜி ஞாபகத்தில் ‘ஸ்டிமுலேட்’ (தூண்டிவிடுவது) என்று போட்டுவிட்டாள். பொருளோ நேர் எதிர்: வலுவை உறிஞ்சித் துவள வைப்பது. ‘நாய்சம்’ என்றதும் நாய்ஸ் நினைவுக்கு வந்து ‘லவுட்’ என்று குறித்திருக்கிறாள். அது நாற்றமடிக்கிற, அருவருப்பான ஒன்றைச் சொல்லும் சொல். சத்தத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ‘ரெஸ்டிவ்’ என்றால் ஓய்வாக இருப்பது என்று எடுத்துக்கொண்டாள். உண்மையில் அது நிலைகொள்ளாமல், அடங்காமல் இருப்பது.

கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் தவறான விடைகளைச் சும்மா எழுதிவைப்பதில்லை. அரைகுறையாகத் தெரிந்த பிள்ளை எதில் போய் விழும் என்று யோசித்துத்தான் வைப்பார்கள். ஆங்கில ஆசிரியராக இருந்த காலத்தில் நானும் அந்த வேலையைச் செய்தவன். அதில் ஒரு குறும்பான சந்தோஷம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரியாத பிள்ளைக்கு அந்தப் பொறி வேலை செய்யாது. முழுசாகத் தெரிந்த பிள்ளைக்கும் வேலை செய்யாது. நடுவில் இருப்பவர்களுக்காகவே வைக்கப்படுவது அது.

இந்தத் தேர்வில் குட்டி எழுதப்போகும் நிலையில் சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறினால் கால் மதிப்பெண் போகும், விட்டுவிட்டால் கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகள். கணக்குப் போட்டுப் பார்: கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரே ஒரு விடையை உறுதியாகத் தள்ள முடிந்தாலும் ஊகிப்பது லாபம்தான். இரண்டைத் தள்ளிவிட்டால் தாராளமாகத் துணியலாம். ஆக, அரைகுறை அறிவும் உதவும், அது அரைகுறை என்று தனக்கே தெரிந்திருந்தால். ஒரு சொல்லின் பொருள் சரியாக நினைவில்லை, ஆனால் அது திட்டுகிற சொல், புகழ்கிற சொல் அல்ல என்று மட்டும் தெரிகிறது என்று வை. புகழ்கிற விடைகளை அடித்துவிட்டு மீதியில் ஊகிக்கலாம். குட்டி அப்படிச் செய்யவில்லை. ஒலியைப் பார்த்தாள், பாய்ந்துவிட்டாள்.

அதனால் என் யோசனை இது. பயிற்சித் தாளில் விடையைப் பார்ப்பதற்கு முன்பே, ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் அவள் ஒரு குறி போடட்டும்: நிச்சயமாகத் தெரியும், அரைகுறை, தெரியாது. அப்புறம்தான் விடை. திருத்தும்போது ‘நிச்சயம்’ என்று போட்டுத் தவறிய சொற்களைத் தனியாக எடு. அவள் படிக்க வேண்டிய முதல் பட்டியல் அதுதான். கடையில் விற்கும் எந்தப் புத்தகத்திலும் அது கிடைக்காது.

மாப்பிள்ளையின் பட்டியலுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். ஆயிரம் சொல்லும் அகரவரிசையில் இருக்கின்றன. அபேஸ், அபேட், அபெட், அபார், அப்ஸ்காண்ட், அப்ஸ்டெய்ன், அப்ஸ்ட்ரூஸ் என்று ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் முதல் பக்கத்திலேயே வரிசையாக நிற்கின்றன. முகம் ஒரே மாதிரி இருக்கும் சொற்களை ஒரே நாளில் படித்தால் ஒன்றின் பொருள் இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். ‘இன்ஜீனியஸ்’ என்றால் மதிநுட்பம் மிக்க, ‘இன்ஜெனுவஸ்’ என்றால் கள்ளமில்லாத. இரண்டையும் ஒரே மாலையில் சொல்லிக்கொடுத்துப் பார், மறுநாள் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். முதலில் ஒன்று நன்றாக ஊன்றட்டும், சில வாரம் கழித்து மற்றதைக் கொண்டுவரலாம். பொருள் ஒத்த சொற்களுக்கும் இதே கதைதான். புதிய சொற்களைப் பொருள்வாரியாகக் கூட்டமாகப் படித்தால் குழப்பம் கூடுகிறது என்று ஆய்வு செய்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். அகரவரிசைப் பட்டியலுக்கு இன்னொரு கேடும் உண்டு: எல்லாப் பிள்ளைகளும் ‘ஏ’, ‘பி’ எழுத்துகளில் புலி, ‘எஸ்’, ‘டி’ வரும்போது தேர்வு வந்துவிடும். தாளைக் கலைத்துப் போடச் சொல்.

எத்தனை சொல் என்று கேட்பாய். ஒரு நாளைக்கு ஐம்பது என்று நீ சொன்னபோதே எனக்குப் பகீர் என்றது. எட்டு, பத்து போதும். ஆயிரத்தை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட நானூறைக் கெட்டியாகப் பிடிப்பது மேல். ஏன் என்பதைத்தான் ‘எனர்வேட்’ காட்டிவிட்டதே.

அட்டை எழுதும் முறையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பக்கம் சொல். மறுபக்கம் அகராதியில் இருந்து எடுத்த பொருளை எழுதுகிறாள், அது போதாது. அந்தச் சொல்லை வைத்து அவளே ஒரு வாக்கியம் எழுத வேண்டும், அவளுக்குத் தெரிந்த ஆட்களை வைத்து. ‘லோக்வேஷியஸ்’ என்றால் ஓயாமல் பேசுகிற. அதற்கு அவள் பாட்டியை வைத்து எழுதட்டும், உன் அம்மா ஒன்றும் நினைக்க மாட்டாள், ஒரு வாரத்துக்கு அதையே பேசிக்கொண்டிருப்பாள். ‘டாசிடர்ன்’ என்றால் இயல்பிலேயே அதிகம் பேசாத. அதற்கு நான் இருக்கிறேன். ‘ரெடிசென்ட்’ வேறு: மனதில் இருப்பதை வெளியே சொல்லத் தயங்குகிற. ‘லகோனிக்’ என்றால் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிற. பழைய கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா இருந்த நாட்டுப் பகுதிக்கு லகோனியா என்று பெயர். மாசிடோனிய அரசன் பிலிப், ‘நான் உங்கள் நாட்டுக்குள் வந்தால் தரைமட்டமாக்கிவிடுவேன்’ என்று மிரட்டி ஆள் அனுப்பினானாம். ஸ்பார்ட்டாக்காரர்கள் அனுப்பிய பதில் ஒரே சொல்: ‘வந்தால்.’ இந்தக் கதையைக் குட்டிக்குச் சொல், அதற்கப்புறம் அந்தச் சொல்லுக்கு அட்டையே தேவைப்படாது. இந்த நான்கையும் நான் ஒரே பத்தியில் எழுதியது உனக்காக. அவளுக்கு ஒரே நாளில் கொடுத்துவிடாதே.

அட்டையைப் படிப்பதும் ஒரு முறைப்படி. பொருளைப் பார்த்துப் பார்த்துப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அது சுகமான ஏமாற்று. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். சிலர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், சிலர் மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். நம் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து இல்லையே. அதனால் சொல்லைப் பார்த்ததும் பொருளை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அட்டையைத் திருப்ப வேண்டும். திணறினாலும் பரவாயில்லை, அந்தத் திணறலில்தான் சொல் பதிகிறது.

ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியை விழுங்கிவிடும், அப்புறம் வேகம் குறையும் என்றார். எனவே இன்று படித்ததை நாளைக்கே ஒருமுறை, மூன்றாம் நான்காம் நாளில் ஒருமுறை, பிறகு வாரம் கழித்து என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். லைட்னர் என்பவர் பெயரில் இருக்கும் பெட்டி முறையும் இதுதான்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறிய அட்டை முதல் பெட்டிக்குத் திரும்பும். நான்கு பழைய டப்பா இருந்தால் போதும். ஆப்பில் செய்வதாக இருந்தாலும் சரி, ஆனால் அட்டையைக் கையால் எழுதுவதில் ஒரு பிடிப்பு இருக்கிறது என்பது என் கட்சி.

வேர்ச்சொற்களைப் பற்றி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றாய். நல்லதுதான். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும் இலத்தீனும் ஆங்கிலத்தில் பெருமளவு கலந்தன. இந்தத் தேர்வுகளில் வரும் கடினச் சொற்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு மொழிகளிலிருந்து வந்தவைதான். ‘கிரெட்’ என்றால் நம்புவது என்று தெரிந்தால் கிரெடுலஸ், இன்கிரெடுலஸ், கிரெடன்ஸ் எல்லாம் ஒரு குடும்பமாக வந்து சேரும். ‘எனர்வேட்’கூட அப்படித்தான்: ‘நெர்வஸ்’ என்றால் இலத்தீனில் தசைநார், முன்னால் இருக்கும் ‘இ’ வெளியே என்பதைக் குறிக்கும், நாரை உருவிவிட்டால் பலம் எங்கே? ஆனால் வேரை மட்டும் நம்பிக் கிணற்றில் இறங்கக் கூடாது. ‘இன்’ என்று ஆரம்பித்தால் எதிர்மறை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் எளிதில் தீப்பிடிக்கிற. ‘இன்வேல்யுவபிள்’ என்றால் விலைமதிக்க முடியாத அளவு உயர்ந்த. வேர் நினைவில் வைக்க உதவும், விடை சொல்ல உதவும் என்று எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

சொற்களுக்கிடையே உறவைக் கண்டுபிடிக்கும் அனாலஜி பகுதியில் அவள் நன்றாகவே செய்திருக்கிறாள். முதல் இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு வாக்கியம் போட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் வரட்டும். ‘டிரிஸில்’ (தூறல்), ‘டெலியூஜ்’ (பெருமழை வெள்ளம்) என்று வந்தால் ‘இது மிதமிஞ்சிப் போனால் அது’ என்று தமிழில்கூட மனதுக்குள் சொல்லிக்கொள்ளலாம், யாரும் பார்க்கப் போவதில்லை.

கதைப் புத்தகம் வாசித்தால் சொல்வளம் தானாக வரும் என்கிறாள் உன் அம்மா. வரும், ஆனால் வருடக்கணக்கில். ஒரு சொல்லை ஒரே ஒரு முறை எங்கோ பார்த்தால் அது அநேகமாக ஒட்டாது. பல இடங்களில், பல சமயங்களில் எதிர்ப்பட வேண்டும். தேர்வு இத்தனை கிட்டத்தில் இருக்கும்போது வாசிப்பை மட்டும் நம்ப முடியாது. அதற்காக வாசிப்பை நிறுத்திவிடாதே. அட்டையில் படித்த சொல் கதையில் எதிர்ப்படும்போது அவள் முகத்தைப் பார், அந்த ஒரு சந்திப்பு பத்துத் திருப்புதலுக்குச் சமம்.

இன்னொன்று, இது உனக்கு மட்டும். சாப்பிடும்போது, காரில் போகும்போது எல்லாம் ‘இதற்கு என்ன பொருள் சொல்லு’ என்று கேட்கிறாயாமே. குட்டியே என்னிடம் சொன்னாள். நாளுக்கு ஒரு நேரம் ஒதுக்கி, அதில் மட்டும் கேள். மற்ற நேரத்தில் அந்தச் சொற்களை நீயே பேச்சில் பயன்படுத்து, தப்பாகப் பயன்படுத்தினால் அவள் திருத்தட்டும். உன்னைத் திருத்தக் கிடைத்த சொல்லை அவள் மறக்கவே மாட்டாள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் புதுச் சொல் எதுவும் வேண்டாம். பழைய அட்டைகளைப் புரட்டட்டும், நேரத்துக்குத் தூங்கட்டும். அவள் எழுதிய தாளில் 60 கேள்விக்கு 30 நிமிடம்தான், கேள்விக்கு அரை நிமிடம். தூக்கக் கலக்கத்தோடு போனால் தெரிந்த சொல்லும் கைவிடும்.

அடுத்த தாளை அனுப்பும்போது, அவள் பக்கத்தில் குறி போட்டிருக்கும் பிரதியையே அனுப்பு. மதிப்பெண் போட்ட முதல் பக்கம் எனக்கு வேண்டாம்.

அன்புடன்,
அப்பா