அப்பா சொன்னதில் பாதிதான் உண்மை

வெள்ளவத்தை,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் நலம். தொலைபேசியில் நீ என்னைப் பேசவிடுவதில்லை, அதனால்தான் கடிதம். போன ஞாயிறு அப்பா உன்னிடம், "உன் அம்மா மெஷினில் அடிபட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள்" என்று சொல்லிவிட்டார். நீயும் பத்து நிமிடம் எனக்குப் புத்தி சொல்லி முடித்தாய். நான் 31 வருடம் கணக்குப் படிப்பித்தவள். விடையைப் பார்க்கும் முன் செய்கையைப் பார்க்க வேண்டும் என்று உனக்கும் சொல்லித் தந்திருக்கிறேன். ஆகவே செய்கையைக் கேள்.

கடைசல் இயந்திரத்தில் ஒரு முழ நீளக் கட்டை சுழன்றுகொண்டிருந்தது. சாய்வான வாயுள்ள உளியால் அதில் மணி மணியாக உருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லா உளிகளிலும் குணங்கெட்டது அதுதான். அதன் மேல் நுனி மரத்தைத் தொட்டால் போதும், கடித்து இழுத்துவிடும். தொட்டது, கடித்தது. கட்டை கழன்று என் முகக் கவசத்தில் மோதி, அப்படியே பறந்துபோய், எனக்குக் கடைசல் பழக்கும் மரவேலைக்காரர் பாஸ் உன்னஹேயின் தேநீர்க் கோப்பையை உடைத்தது. அடிபட்டது கவசமும் கோப்பையும்தான். என் நெற்றியில் இருந்த சிவப்பு, குங்குமம். அப்பா கண்ணாடி போடாமல் பார்த்திருக்கிறார்.

இதெல்லாம் அப்பம்மாவின் இடியப்ப உரலில் தொடங்கியது. போன வருடம் அது அடிவரை வெடித்துவிட்டது. பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கலாம் என்றார் அப்பா. மா கொஞ்சம் இறுகிவிட்டால் பிளாஸ்டிக் உரலின் கைப்பிடி வளைகிறது. அதைப் பிழிந்தவர்களுக்குத்தான் தெரியும், சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. உடைந்த உரலைப் பையில் போட்டுக்கொண்டு கரையோர ரயிலில் மொறட்டுவைக்குப் போனேன். மரச் சாமான் என்றால் கொழும்பில் எல்லோருக்கும் மொறட்டுவைதானே.

ஒருவரைக் கேட்டு, இன்னொருவரைக் கேட்டு, ஒரு வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் பாஸ் உன்னஹேயைக் கண்டேன். எழுபது தாண்டிய மனிதர். உரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; ஒன்றும் சொல்லாமல் ஒரு பலாக் கட்டையை இயந்திரத்தில் பூட்டினார். சதுரக் கட்டை உருண்டையானது, உருண்டை இடை சிறுத்தது, மஞ்சள் சீவல் நாடா நாடாவாக அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது. நான் இரண்டு ரயிலை விட்டுவிட்டேன். புறப்படும்போது, "டீச்சர், மாதக் கடைசிச் சனிக்கிழமை வாருங்கள். இதே பைத்தியம் பிடித்தவர்கள் கொஞ்சப் பேர் கூடுவோம்" என்றார்.

அன்று தொடங்கிப் பத்து மாதமாக ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

நாங்கள் 11 பேர். எங்களுக்குப் பெயர்ப் பலகையும் இல்லை, தலைவரும் இல்லை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், தெகிவளையிலிருந்து வரும் முஸ்லிம் பல் வைத்தியர் ஒருவர், கட்டடக் கலை படிக்கும் சிங்களப் பிள்ளை ஒன்று, இப்படிக் கலவையான கூட்டம். பல் வைத்தியரின் கை எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய்? எங்களில் யாருக்கும் அந்த நிதானம் இல்லை. பல்லைவிட மரம் நல்லது, கத்தாது என்கிறார்.

கூட்டத்துக்கு ஒரு முறைமையைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பிய பறங்கி ஐயா ஒருவர். அமெரிக்காவில் கடைசல்காரர்களின் சங்கம் 1986இலும் பிரித்தானியாவில் 1987இலும் தொடங்கியதாம். அவற்றின் கிளைகள் ஊர் ஊராகக் கூடுகின்றன. ரொறன்ரோவிலும் தேடினால் கிடைக்கும். என்னைத் திட்டுகிற நேரத்தில் ஒரு தடவை போய்ப் பார்.

எங்கள் கூட்டத்தில் முதலில் மேசை. அந்த மாதம் செய்ததை ஒவ்வொருவரும் மேசையில் வைக்க வேண்டும். மற்றவர்கள் கையில் எடுத்து, அடியைத் தடவி, வெளிச்சத்தில் பிடித்துக் குறை சொல்வார்கள். 31 வருடம் சிவப்புப் பேனா பிடித்த எனக்கு அது முதலில் சகிக்கவில்லை. நான் வைத்த முதல் கிண்ணத்தைப் பல் வைத்தியர் ஒரு கையால் தூக்கி, "டீச்சர், இதன் அடியில் இன்னொரு கிண்ணம் ஒளிந்திருக்கிறது" என்றார். அவ்வளவு கனம். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன், அவர் சொன்னது சரிதான்.

பிறகு ஒருவர் செய்து காட்டுவார். இடையில் பிளேன்டீயும் கிம்புலா பணிஸும். கடைசியில் சீட்டுக் குலுக்கல். ஆளுக்கொரு மரத்துண்டு கொண்டுவர வேண்டும், 100 ரூபாய்க்கு ஒரு டிக்கெட், விழுந்தவருக்கு விழுந்த கட்டை. சேரும் காசு உளி தீட்டும் கல்லுக்கும் மரம் தேய்க்கும் அரத்தாளுக்கும் போகிறது. போன மாதம் எனக்குப் பூவரசு விழுந்தது. அந்தச் சிறுவயதுச் சந்தோசத்தை உனக்கு எப்படி எழுதுவது! வங்கிக்காரர் இன்றுவரை அந்தக் கட்டைக்குக் கண் வைத்திருக்கிறார்.

செய்து காட்டியவற்றில் பெப்ரவரி மாதத்தியதை மட்டும் சொல்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டினார்களே, அப்போது பட்டறைகள் எல்லாம் படுத்துவிட்டன. பாஸ் உன்னஹே பரணில் கிடந்த தன் பாட்டனாரின் கயிற்றுக் கடைசலை இறக்கினாராம். மின்சாரம் வந்த பிறகும் திரும்ப ஏற்றவில்லை. அதைத்தான் காட்டினார். இரண்டு குற்றிகளுக்கு நடுவே கட்டை, கட்டையில் இரண்டு சுற்றுக் கயிறு. ஒருவர் கயிற்றின் இரு நுனியையும் மாறி மாறி இழுக்க, கட்டை முன்னும் பின்னும் உருளும். முன்னால் வரும்போது மட்டுமே உளி வெட்டும். பின்னால் போகும்போது ஒரு மயிரிழை விலக்கிக்கொள்ள வேண்டும்.

இழுக்க ஆள் கேட்டார். நான் எழுந்து போனேன். இரண்டு இழுப்பில் என் கை அதை அடையாளம் கண்டுவிட்டது. அம்மம்மா வீட்டுத் தூணில் மத்தைக் கட்டித் தயிர் கடைந்த அதே இழுப்பு! தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம், பாற்கடலையும் கடைந்தார்கள். மூன்றுக்கும் ஏன் ஒரே சொல் என்று இந்த 64 வயது வரை நான் யோசித்ததில்லை. அதை அங்கே சிங்களத்தில் விளக்கப் போய், பாதியில் சொல் கிடைக்காமல் கையால் கடைந்து காட்டினேன், எல்லோருக்கும் புரிந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னேன். "கடைந்தெடுத்த பிடிவாதக்காரி என்பதும் அதிலிருந்து வந்ததுதான்" என்றார் அவர், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

இப்போது ஆபத்துக் கணக்குக்கு வருகிறேன். மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடு. அதை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கு. விடை 6000க்கும் 9000க்கும் இடையில் இருக்க வேண்டும். கடைசல்காரர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு இது. 10 அங்குலக் கிண்ணம் என்றால் 900 சுற்றுக்கு மேல் போகக் கூடாது. அந்த 900இலும் விளிம்பு என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கணித்தேன்: மணிக்கு 43 கிலோமீட்டர். காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ் வெறும் சாலை கண்டால் ஓடுகிற வேகம். அதன் முன் கையில் உளியோடு நிற்கிறோம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆதலால் சேலை இல்லை, வளையல் இல்லை, மோதிரம் இல்லை, கையுறையும் இல்லை. தாலிக்கொடி சட்டைக்குள், கூந்தல் இறுக்கமான கொண்டையாக. கோணலான கட்டையை முதலில் மெதுவாகச் சுழற்றி, அது உருண்டையான பிறகுதான் வேகத்தைக் கூட்டுவேன். உன் காரை நீ ஓட்டுவதைவிட நான் கவனமாகத்தான் இருக்கிறேன்.

அப்பா சொல்லாமல் விட்ட காயம் ஒன்று உண்டு. ஜூன் மாதம் முதிரை கடைந்தேன். வன்னி முதிரைக் கதவு என்று நம் ஆட்கள் பெருமை பேசுவார்களே, அதே மரம். கடையும்போது பட்டுத்துணி போல மினுங்குகிறது. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் ஆகாது. எனக்கு முழங்கை வரை நாலு நாள் தடிப்பும் சொறியும். இனி முதிரையைக் கண்ணால் பார்ப்பதோடு சரி.

என் கைக்கு இசைந்தது பலாதான். பலாவை நினைத்தபடி இங்கே வெட்ட முடியாது, அனுமதி எடுக்க வேண்டும். பட்டுப்போனதோ காற்றில் முறிந்ததோ, பட்டறையில் மீந்த துண்டோதான் எங்களுக்கு. மே மாதக் காற்றில் பின்வீட்டுப் பலாவின் பெரிய கிளை ஒன்று அனுமதி கேட்காமல் எங்கள் மதிலில் விழுந்தது. அப்பா மதிலைப் பார்த்தார், நான் கிளையைப் பார்த்தேன். எட்டுத் துண்டாக அறுப்பித்து, வெட்டு முகங்களில் மெழுகு பூசி வைத்தேன். பூசாவிட்டால் நுனி முதலில் காய்ந்து பிளந்துவிடும்.

அதில் ஒன்றைப் பச்சையாக இருக்கும்போதே கடைந்து 10 அங்குலக் கிண்ணமாக்கினேன். சுவர் ஒரு அங்குலத் தடிப்பு. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விட வேண்டும். காயும்போது அது வட்டத்தை விட்டுக் கொஞ்சம் கோணும், கோணினால் திருத்திக் கடைய இடம் வேண்டுமே. தடித்த கடதாசிப் பையில் போட்டு உன் பழைய கட்டிலின் கீழே வைத்திருக்கிறேன். பௌர்ணமிப் போயா தினம்தோறும் எடுத்துத் தராசில் நிறுத்து, கொப்பியில் குறிக்கிறேன். முதல் நாள் 1,720 கிராம். இந்த மாதம் 1,210. வரைபும் வரைந்திருக்கிறேன், கோடு இப்போதுதான் கிடையாகச் சாயத் தொடங்குகிறது. நிறை இறங்காமல் நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், திரும்பப் பூட்டிக் கடைந்து முடிக்கலாம்.

ஆனால் அது கொழும்பு அளவுக்குக் காய்ந்ததுதான். இந்தக் கடற்காற்றில் எவ்வளவு காய்ந்த மரமும் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஹீற்றர் போட்ட உன் வீட்டுக்குள் வந்தால் அது இன்னும் சுருங்கும். அவசரப்பட்டால் பிளந்தும் போகும். அதனால்தான் தபாலில் அனுப்பவில்லை. மருமகளிடம் சொல்லி, குளிர்காலத்தில் உங்கள் சாப்பாட்டு அறையில் ஈரப்பதம் எத்தனை வீதம் இருக்கிறது என்று மானியைப் பார்த்து எழுது. அதற்கேற்றபடி சுவரை எவ்வளவு மெல்லியதாக எடுக்கலாம் என்று பாஸ் உன்னஹேயிடம் கேட்க வேண்டும்.

டிசெம்பரில் வரும்போது எனக்குச் சேலை வேண்டாம், வாசனைத் திரவியமும் வேண்டாம். அதிவேக உருக்கில் செய்த அரை அங்குலக் குழியுளி ஒன்று வாங்கி வா, கிண்ணம் குடைகிற வகை என்று சொல்லிக் கேள். இங்கே நான் வைத்திருப்பது பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய லொறி வில்லுத் தகட்டில் அடித்தது. தீட்டும்போது கொஞ்சம் சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போய்விடுகிறது. பெட்டியில் வை, கைப்பையில் வைத்துவிட்டு விமான நிலையத்தில் விழிக்காதே.

பேரப்பிள்ளைக்கு ஒரு பம்பரம் தயார். ஆணி இன்னும் அடிக்கவில்லை.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பாஸ் உன்னஹேக்குப் புதுக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டேன். நான் இயந்திரத்தடிக்குப் போனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார்.