பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு, குரூப் எடுக்கும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன வாரக் கூட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து வந்திருந்த அப்பா ஒருவர், "நீட் கிடைக்கலைன்னா பயாலஜி படிச்சு என்ன சார் பண்றது?" என்று கேட்டார். நேரமாகிவிட்டதால் சரியாகப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அவர் மஞ்சள் போடுகிறவர். அதனால் மஞ்சளை ஆராய்ந்த ஒருவரைப் பற்றியே சொல்கிறேன்.

கோவிந்தராஜன் பத்மநாபன் 1938இல் சென்னையில் பிறந்தவர். இன்ஜினியர்கள் நிறைந்த குடும்பம். அவரும் பொறியியலில்தான் சேர்ந்தார், மனம் ஒட்டவில்லை. விட்டுவிட்டுச் சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்தார். அப்புறம் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் மண் வேதியியல். 1966இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியல் முனைவர் பட்டம். நம் ஊரில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும் தூரம்தான் அது.

மலேரியா ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. அதில் ஹீம் என்ற பொருள் ஏராளம். அப்படியும் ஒட்டுண்ணி தனக்கென்று ஹீம் தயாரிக்கிறது என்று 1992இல் அவர் குழு காட்டியது. பானை நிறையச் சோறு இருக்க, தனியாக அடுப்பு மூட்டுகிற மாதிரி. அந்த அடுப்பை அணைத்தால் ஒட்டுண்ணி செத்துவிடுமா? 2013இல் அவர் குழுவே பதில் கண்டது: ரத்தத்தில் இருக்கும்போது தான் தயாரிக்கும் ஹீம் இல்லாமலும் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும், கொசுவின் உடலிலும் நம் கல்லீரலிலும் வளரத்தான் அந்த ஹீம் அவசியம். தான் தொடங்கிய கேள்வியை இருபது வருடம் கழித்தும் விடாமல் சோதித்த அந்தப் பொறுமைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

1994 முதல் 1998 வரை இந்திய அறிவியல் கழகத்துக்கே இயக்குநர். பதவி முடிந்தும் ஆய்வகத்தை விடவில்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருளை ஆர்டீத்தர் என்ற மலேரியா மருந்தோடு சேர்த்து மலேரியா தொற்றிய எலிகளுக்கு அவர் குழு கொடுத்தது, எலிகள் பிழைத்தன. (காய்ச்சல் வந்தால் மஞ்சள் பால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பாருங்கள்.) பிறகு திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார். 2003இல் பத்ம பூஷண், 2024இல் மத்திய அரசின் அறிவியல் விருதான விஞ்ஞான் ரத்னா. அந்த விருது முதன்முதலில் தரப்பட்டதே அவருக்குத்தான்.

இனி நம் பிள்ளைகள். கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் பொறியியல், உயிரியல் என இரண்டு பக்கமும் வழி இருக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயோடெக்னாலஜி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், விண்ணப்பிக்க நாங்கள் உதவுகிறோம். சேர்ந்த படிப்பு பிடிக்கவில்லை என்று பிள்ளை வந்து நின்றால், தயவுசெய்து ஊர் என்ன சொல்லும் என்று முதலில் கேட்காதீர்கள். அப்படிக் கேட்கப்பட்டு ஒரு வருடம் வீட்டுக்குள்ளேயே முடங்கிய என் பழைய மாணவி ஒருத்தியை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு உயிரியல் ஆய்வகத்துக்குப் பிள்ளையோடு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். கேள்வி கேட்ட அந்த அப்பா நான்கு கிழங்கு மஞ்சளும் எடுத்து வரட்டும். இடித்து ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் குர்குமின் இறங்கும், சோப்புத் தண்ணீர் பட்டதும் சிவக்கும். அதை அவர் கையாலேயே பிள்ளைகளுக்குச் செய்து காட்ட வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி, தர்மபுரி மாவட்டம்