பதினோரு வருடத்தில் ஒரு பாலம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகப் படித்த பிறகுதான் நிம்மதி. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாயா? நான் இன்னும் மியூனிக்கில் மகள் வீட்டில்தான். பேரன் என்னோடு தமிழில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டான்.

போன சனிக்கிழமை ரயிலில் ரேகன்ஸ்பர்க் போய் வந்தோம். டான்யூப் ஆற்றங்கரையில் பழைய துறைமுக ஊர். ஒரு காலத்தில் ஆற்றை எதிர்த்து உப்புப் படகுகளை இங்கே இழுத்து வருவார்களாம். அங்கே 1135இல் ஆரம்பித்து 1146இல் முடித்த கல் பாலம் இன்றும் நிற்கிறது. பதினோரு வருடம்! நாம் ஓவர்சியராக இருந்தபோது ஒரு மதகுப் பாலத்துக்கே மூன்று வருடம் இழுத்தது ஞாபகம் இருக்கிறதா?

1135 கோடையில் மழை பொய்த்து ஆறு வற்றிக் கிடந்தது அவர்களுக்கு வாய்த்த யோகம். பாலத்தின் மேல் ஒரு குட்டிச் சிலை, நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்தபடி உட்கார்ந்திருக்கிறது. ‘என்ன வெயில் பார்’ என்ற பொருளில் ஏதோ எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்த வருஷத்து வெயிலைத்தான் சொல்கிறதாம். நமக்கும் அப்படி ஒரு கோடை கிடைத்திருந்தால்!

அதற்கு முன் இருந்த மரப்பாலம் வெள்ளத்துக்குத் தாங்கவில்லை. அதனால் இந்த முறை ஒவ்வொரு தூணைச் சுற்றியும் சின்னத் தீவு மாதிரி ஒரு காவல் கட்டிவிட்டார்கள். அஸ்திவாரத்தை ஆறு அரிக்காது, சரி. ஆனால் தண்ணீர் போக வழி குறுகிப் போயிற்று. வளைவுகளில் பெரியதே 16.70 மீட்டர், சின்னது 10.45 மீட்டர். தூண்கள் மட்டும் ஆறேழு மீட்டர் கனம். பாதி ஆற்றைத் தூணே அடைத்துக்கொண்டால் மீதி வழியில் தண்ணீர் சீறத்தானே செய்யும்? கீழே எட்டிப் பார்த்தேன், நுரை சுழன்று கொதிக்கிறது. எதிரோட்டத்தில் வரும் படகைக் கயிறு கட்டித்தான் அந்த வளைவுக்குள் இழுக்க வேண்டியிருந்தது. தரை வழி வியாபாரிக்குப் பாலம், படகுக்காரனுக்குச் சுழல். அவன் எத்தனை சாபம் விட்டிருப்பானோ. அதே வேகத்தை வைத்து ஆலை ஓட்டிப் பிழைத்தவர்களும் உண்டு என்பது வேறு விஷயம்.

படிக்கட்டு இல்லையே என்று முழங்காலை நம்பி ஏறினேன், நடுவில் மேடாகத் தூக்கியிருக்கிறது. அதற்கும் ஒரு கதை. பாலம் கட்டியவர், அந்த ஊர்ப் பெரிய கிறிஸ்தவக் கோயிலைக் கட்டியவரோடு யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் கட்டி, பிசாசின் உதவியைக் கேட்டாராம். கூலி, முதலில் பாலம் கடக்கும் எட்டுக் கால்கள். வேலை முடிந்ததும் ஒரு நாயையும் சேவலையும் கோழியையும் விரட்டிவிட்டார். கணக்குச் சரிதானே! ஏமாந்த பிசாசு அடியிலிருந்து முட்டிய முட்டில் பாலம் முதுகு வளைந்துவிட்டதாம். பேரனுக்கு ஒரே குஷி. கோயில் வேலை தொடங்கியதே 1273இல்தான், பாலம் முடிந்து நூறு வருடத்துக்கும் மேல் கழித்து என்பதை அவனிடம் நான் சொல்லவில்லை.

எண்ணூறு வருடத்துக்கு அந்த ஊரில் ஆற்றைக் கடக்க இதை விட்டால் வேறு பாலம் கிடையாது. சிலுவைப்போர்ப் படைகள் போயிருக்கின்றன, டிராம் வண்டி ஓடியிருக்கிறது. 1945 ஏப்ரலில் ஜெர்மன் படையே இதற்கு வெடி வைத்தது. விழுந்த பகுதிகளை முழுசாகச் சரிசெய்ய 1967 ஆயிற்று. 1997 முதல் கார்களும் கூடாது. 2010இலிருந்து 2018 வரை பழுது பார்த்தார்கள். கட்ட பதினோரு வருடம், ரிப்பேருக்கு எட்டு வருடம், கேட்டாயா?

மகள் கோயில் கோபுரத்தைப் படம் எடுத்தாள். நான் தூண் அடியை எடுத்தேன், வாட்ஸ்அப்பில் ஐந்து படம் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது படத்தில் கல் இணைப்பைப் பெரிதாக்கிப் பார். கண் டாக்டர் போன் பார்க்கலாம் என்று சொன்ன பிறகு பார்த்தால் போதும்.

அன்புடன்,
உன் சண்முகம்