மகளுக்கு, வெள்ளிக்கிழமைப் பெட்டி விஷயமாக

வெள்ளவத்தை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொன்னார், இவர் குறைத்தால்தானே. தம்பிக்குப் புது வேலை பிடித்திருக்கிறது போல. எங்களிடம் வாய் திறக்க மாட்டான், உன் தம்பிதானே. வட்ஸ்அப்பில் நான் நாலு வரி எழுதினால் நீ பெருவிரலை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால் கடிதமாகவே எழுதி வெறும் பெட்டிகளுக்குள் வைத்து பஸ்ஸில் அனுப்புகிறேன். பெட்டியைக் கழுவ எடுக்கும்போதாவது கண்ணில் படும்.

நீ அனுப்பிய வெள்ளிக்கிழமைத் தக்காளிப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. அப்பா விடிய முன்னரே நுகேகொடைக்குப் போய் பண்டாரவளை பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு பழமும் நசுங்கவில்லை. பழம் அடியில் லேசாக நிறம் மாறும்போதே பறித்துவிட வேண்டும், செடியிலேயே பழுக்க விட்டால் ஒரு மழைக்கு வெடித்துவிடும் என்று உன்னிடம் எத்தனை தரம் சொன்னேன். இப்போது அப்படித்தான் பறிக்கிறாய் என்று தெரிகிறது. நல்லது.

கொழும்பு ஏழு உணவகத்து செஃப் பையன் பிளாக் கிரிம் என்ற கறுப்புத் தக்காளியில் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் எடுத்துக்கொண்டான். கிரிமியாப் பக்கத்து விதை வெளிமடை மண்ணில் இப்படிக் காய்க்கிறதே என்று அவனுக்கு இன்னும் ஆச்சரியம். ஒன்றை என் முன்னாலேயே வெட்டி, உப்புக்கூடப் போடாமல் தின்றான். போன மாதம் சாப்பிட வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், இதை வளர்ப்பது யார் என்று கேட்டாளாம். “அன்ரியின் மகள் என்று சொன்னேன்” என்றான். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை. குளிர்பெட்டியில் வைக்காதே, ருசி செத்துவிடும் என்று அவனுக்கும் சொன்னேன். தலையாட்டினான். வைப்பான்.

மேல்மாடிப் பிள்ளைதான் கைக்குழந்தைக்கு என்று வழமை போல இரண்டு கிலோ கேட்டாள். இந்த வாரம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அங்கே மழை விடவில்லையாமே. ஊவாப் பக்கம் மூடுபனி என்று செய்தியில் சொல்லும் போதெல்லாம் எனக்கு உன் தோட்டத் தறைதான் நினைவு. அந்தக் குளிரும் ஈரமும் சேர்ந்தால் இலை கருகும் நோய்க்குக் கேட்கவா வேண்டும். ஓரத்தில் தண்ணீர் பட்டது போல ஒரு திட்டு, இரண்டு மூன்று நாளில் முழுச் செடியும் கரி. சுற்றிவர உருளைக்கிழங்குத் தோட்டம் வேறு. கிழங்குக்கு வருகிற அதே நோய்தான் தக்காளிக்கும். அவர்கள் மருந்தடிப்பார்கள், நீ அடிக்க மாட்டாய், நடுவில் உன் செடிகள் நிற்கின்றன. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டாயா? கயிற்றில் உயர்த்திக் கட்டினாயா? காற்றுப் போக இடம் விட்டு நடு என்று அப்போதே சொன்னேன்.

கீழ்த் தறையில் இந்தத் தரமும் தக்காளியா வைத்தாய்? போன வருடம் செடி பச்சையாக நிற்கும்போதே தலை சாய்ந்ததே, தண்டை வெட்டிக் கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் வைத்தபோது வெள்ளை நூல் போல இறங்கியதே, மறந்துவிட்டாயா? அந்த வாடல் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். அங்கே கத்தரியும் வேண்டாம், மிளகாயும் வேண்டாம், கிழங்கும் வேண்டாம், எல்லாம் ஒரே சாதி. சோளமோ போஞ்சியோ போடு. இல்லையென்றால் சுண்டங்காய்க் கன்றில் ஒட்டிய நாற்று வை.

லீசிங் காசு இந்த மாதம் கட்டியாயிற்றா என்று கேட்கச் சொல்லி அப்பா சொன்னார். நான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் காப்பைப் பற்றியும் கேட்கவில்லை.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். கறுப்புப் பழம் ஒரு பெட்டி, பிராண்டிவைன் இனம் கொஞ்சம், மற்ற இரண்டு பெட்டியும் சிவப்பு. அந்தச் சிவப்பெல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், உருட்டிவிட்டால் உருளும் கெட்டி. ஒன்றிலும் காம்பைச் சுற்றிய தோளில் பச்சை இல்லை. நீதானே எனக்குச் சொல்லித்தந்தாய், அந்தப் பச்சைத் தோளால்தான் இனிப்புக் கூடச் சேரும், ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று தெரிந்தெடுத்துத் தெரிந்தெடுத்து அதைத் தொலைத்துவிட்டார்கள் என்று. காம்பைக் கழற்றிப் பார்த்தேன். குழிக்குள் வெள்ளையாகத் தூள். சாம்பல் தூவியிருப்பாய் என்று நினைத்து ஈர விரலால் துடைத்தேன். சாம்பல் என்றால் விரல் கறுக்கும். இது மஞ்சளாக ஒட்டியது. நான் சுன்னாகத்தில் வெங்காயத் தறைக்குள் வளர்ந்தவள், பிள்ளை. ஐயா மருந்தடித்துவிட்டு வந்தால் அவருடைய சட்டைக் கையில் அதே மஞ்சள்தான் இருக்கும்.

பக்கத்துக் கிழங்குக்காரர் அடித்தது காற்றில் வந்திருக்கும் என்றுதான் முதலில் எனக்கு நானே சொன்னேன். ஆனால் கறுப்புப் பழத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லையே. காற்று நிறம் பார்த்தா வீசும்?

கெப்பெட்டிபொலச் சந்தையில் லொறி லொறியாக ஏறும் பழம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக் குறையும் சொல்லவில்லை. திலினவும் மகேஷியும் நல்ல இனங்கள்தான், அவற்றை வளர்ப்பவர்களும் நம்மைப் போல மழைக்கும் கடனுக்கும் நடுவில் நிற்கிறவர்கள். 2021இல் அரசாங்கம் ஒரே நாளில் இரசாயனப் பசளையை நிறுத்தி, வருடம் முடிய முன்னரே திரும்ப விட்டதே, அப்போது அந்த ஊரே என்ன பாடுபட்டது என்று நீதான் எனக்குச் சொன்னாய். கட்டாயத்துக்கு இல்லாமல் விரும்பிச் செய்து காட்டுகிறேன் என்று நீ போனதே அதற்குப் பிறகுதான். வங்கி வேலையை விட்டபோது நான் அழுதது உண்மை. போனதிலிருந்து உன்னைப் பற்றி ஒருவரிடமும் குறைவாகப் பேசியதில்லை என்பதும் உண்மை.

சிவப்புப் பெட்டி இரண்டையும் நான் விற்கவில்லை. குசினி மூலையில் இருக்கின்றன. செஃப் பையனிடம் இந்த வாரம் வரத்துக் குறைவு என்றேன், சரி அன்ரி என்றான். இவ்வளவுதான். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. நீயும் வெட்கப்படாதே. நாலு கிலோதான் இருக்கிறதென்றால் நாலு கிலோ அனுப்பு. ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் அனுப்பாதே. செடியைக் காப்பாற்ற ஒரு தரம் மருந்து அடித்தாய் என்றாலும் அப்படியே சொல். அடித்தபின் விட வேண்டிய நாளை விட்டு, அந்தப் பழத்தை வேறு பெட்டியில் வை, நான் அதைச் சாதாரணப் பழம் என்று சாதாரண விலைக்குக் கொடுப்பேன். வாங்கியது என்றாலும் அப்படித்தான். ஆனால் என் கையால் அதை மருந்தடிக்காத பழம் என்று மூன்று மடங்கு விலைக்குக் கைக்குழந்தைக்காரியிடம் கொடுக்க வைக்காதே. பெரியப்பாவின் பாமசிக் கதை இந்த வீட்டில் ஒரு தரம் நடந்தது போதும்.

நீ அப்படிச் செய்தாய் என்று நான் சொல்லவில்லை. உன்னிடம் வேலை செய்கிறவர்கள் பெட்டியை மாற்றி ஏற்றியிருக்கலாம். எப்படி இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

பிளாக் கிரிமில் மிஞ்சிய இரண்டு பழத்தில் விதை எடுத்தேன். சதையோடு ஜாம் போத்தலில் மூன்று நாள் புளிக்க விட்டு, மேலே படர்ந்த பூஞ்சணத்தை ஊற்றி, அலசி, பீங்கான் தட்டில் காய வைத்திருக்கிறேன். அந்த நாற்றத்துக்கு அப்பா பல்கனிப் பக்கமே வரவில்லை. பல்கனித் தொட்டியில் நின்ற செடி இந்தத் தரமும் பூவாகவே கொட்டிவிட்டது, கொழும்பில் இரவுக்கும் சூடு குறையாதே. எல்லாச் செடியும் போனாலும் இந்த விதை இருக்கிறது, மழை விட்டதும் நாற்றுப் போடலாம். அதற்காக வெறுங்கையோடு நிற்கிறேனே என்று யோசிக்காதே. சமைத்துச் சாப்பிடுகிறாயா? கடைப் பணிஸில் காலம் தள்ளாதே.

அடுத்த வெள்ளிக்கு என்ன வரும், எவ்வளவு வரும் என்று புதன்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும், செஃப் பையனுக்குச் சொல்ல வேண்டும். பெருவிரல் படம் வேண்டாம். கோல் எடு. அப்பா ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுவார், அதற்குப் பிறகு எடு. நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா